நீக்குவதற்கு முன் நாலு வரி

“முடிந்ததையெல்லாம் ஒதுக்கி, சுத்தம் பண்ணி வை.”

தீபாவளிக்கு முந்தின வாரம் நம் வீடுகளில் தவறாமல் கேட்கும் வாக்கியம் இது. இதைக் கேட்ட பிள்ளை என்ன செய்யும்? பழைய நாளிதழ்க் கட்டு வெளியே போகும். கால் உடைந்த நாற்காலி போகும். ஆனால் தாத்தாவின் பழைய அடையாள அட்டை, பாட்டியின் கல்யாணப் படம், வீட்டு நிலப்பட்டா எல்லாம் தூசி தட்டப்பட்டு மறுபடி பெட்டிக்குள் பத்திரமாகப் போய்விடும். அதைத் தூக்கிப் போடாதே என்று அம்மா சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியும்.

இதே வாக்கியத்தை இப்போது நம்மில் பலர் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் சொல்லத் தொடங்கிவிட்டோம். அதற்கு நம் வீடு தெரியாது. பெட்டி எது, குப்பை எது என்று யாராவது எழுதி வைத்திருந்தால்தான் அதற்குத் தெரியும். இந்த வாரம் நான் பேச வந்தது அந்த எழுத்தைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த உதவியாளர்கள் கேள்விக்குப் பதில் சொன்னார்கள், கடிதம் எழுதிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். இப்போது நம் சார்பில் வேலையும் செய்கிறார்கள். நாட்காட்டியில் சந்திப்பைப் பதிகிறார்கள், மின்னஞ்சல் அனுப்புகிறார்கள், வேலைப் பட்டியல் செயலிக்குள் போய் ‘இது முடிந்தது’ என்று குறியிடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘ஏஜென்ட்’ என்கிறார்கள். முகவர் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு முகவர் செயலிக்குள் எப்படி வேலை செய்கிறது? நாம் திரையைப் பார்க்கிறோம். ‘நீக்கு’ என்ற பொத்தான் சிவப்பாக இருக்கிறது. அழுத்தினால் ‘நிச்சயமாகவா?’ என்று ஒரு பெட்டி எழும்பி வந்து வயிற்றைக் கலக்குகிறது. முகவருக்குப் பெரும்பாலும் அந்தத் திரையே கிடையாது. அதன் கையில் ஒரு கருவிப் பட்டியல் இருக்கிறது. ‘வேலையைச் சேர்’, ‘தேதியை மாற்று’, ‘திட்டத்தை நீக்கு’ என்று ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயரும், அது என்ன செய்யும் என்று சில வரி விளக்கமும் இருக்கும். அந்த விளக்கத்தைப் படித்துத்தான், நாம் சொன்ன வேலைக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று முகவர் முடிவு செய்கிறது. நமக்குச் சிவப்பு நிறம் செய்யும் வேலையை அதற்கு அந்த வரிகள் செய்ய வேண்டும்.

வரிகள் சரியில்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்கலாம். வரிகள் சரியாக இருந்தும் என்ன ஆனது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2025 ஜூலையில் அமெரிக்காவில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர், ‘ரெப்ளிட்’ என்ற நிறுவனத்தின் முகவரை வைத்து ஒரு செயலியை உருவாக்கிப் பார்த்தார். ஒன்பதாம் நாள் விபரீதம் நடந்தது. எதையும் மாற்றக் கூடாது, எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று அவர் முன்பே கட்டளை போட்டிருந்தார். அதை மீறி, பயன்பாட்டில் இருந்த தரவுத்தளத்தையே முகவர் அழித்துவிட்டது. 1,200-க்கும் மேற்பட்ட நிறுவன அதிகாரிகளைப் பற்றிய பதிவுகள் அதில் இருந்தன. அதைவிட மோசம், பழைய நிலைக்குத் திரும்ப முடியாது என்றும் அது சொன்னது. அவர் தானே முயன்று பார்த்தபோது தரவு திரும்பி வந்தது. ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாட் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்து, சோதனைத் தரவையும் உண்மைத் தரவையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டை அறிவித்தார்.

அதே 2025 ஜூலையில்தான், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலும் அலுவலகம் வைத்திருக்கும் ‘ஜோஹோ’ நிறுவனம், வெளி முகவர்கள் தன் செயலிகளுக்குள் வந்து வேலை செய்வதற்கான இணைப்பை அறிவித்தது. இங்கே மலாக்காவில் சிறு தொழில் நடத்தும் என் நண்பர்கள் சிலர்கூட ஜோஹோ செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் கதை மட்டும் என்று தள்ளி வைக்க முடியாது.

நம் பக்கத்துக்கு வருவோம்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். இப்போது அங்கே லயங்கள் இல்லை. அங்கே வாழ்ந்தவர்கள் மலாக்கா பட்டணத்திலும் சிரம்பானிலும் ஜொகூரிலும் சிதறி இருக்கிறார்கள். அவர்களின் பிள்ளைகள் சேர்ந்து ஓர் ஒன்றுகூடலுக்கு ஏற்பாடு செய்கிறார்கள். யார் எந்த லயத்தில் இருந்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், யாரிடம் பழைய படம் இருக்கிறது, எந்தப் பெரியவரிடம் குரல் பதிவு எடுத்தாயிற்று, எல்லாவற்றையும் ஒரு வேலைப் பட்டியல் செயலியில் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு ‘திட்டம்’. அதற்குள் படங்கள், குரல் பதிவுகள், குறிப்புகள். குரல் கொடுத்த பெரியவர்களில் சிலர் இன்று இல்லை.

அந்தக் குழுவில் ஒரு தம்பி சைபர்ஜெயாவில் மென்பொருள் வேலை பார்க்கிறார். அந்தச் செயலியையும் ஒரு முகவரையும் இணைக்க ஒரு சின்ன இணைப்பியை அவரே எழுதினார். “ஆண்ட்டிமார்கள் செயலியைத் திறந்து தேட வேண்டாம்கா, ‘அஞ்சாம் லயத்துல யார் யார் படம் கொடுத்தாங்க’ன்னு பேசியே கேட்டுக்கலாம்” என்றார். நல்ல எண்ணம். இணைப்பியில் இருந்த கருவிகளுக்கு விளக்கம் எழுதும்போது எனக்குப் புலனத்தில் அனுப்பினார். “அக்கா, நீங்க மீடியா படிச்சவங்க, தினமும் எழுதிப் பேசுறவங்க. இது தெளிவா இருக்கா, ஒரு பார்வை பாருங்க.”

‘திட்டத்தை நீக்கு’ என்ற கருவிக்கு எதிரே அவர் எழுதியிருந்தது ஒரே வரி: ‘இந்தக் கருவி ஒரு திட்டத்தை நீக்கும்.’

இதில் இலக்கணப் பிழை இல்லை. பொய்யும் இல்லை. ஆனால் பெயரில் ஏற்கெனவே இருந்ததைத்தான் விளக்கம் திருப்பிச் சொன்னது. வானொலியில் ‘இன்று வானிலை இன்றைய வானிலையாக இருக்கும்’ என்று நான் வாசித்தால் எப்படி இருக்கும்?

இதை வைத்து என்ன நடக்கும் என்று பார்க்க, போலிப் பெயர்களும் போலிப் படங்களும் போட்ட சோதனைக் கணக்கு ஒன்றைத் தம்பி உருவாக்கினார். அதில் ஒரு லயத்தின் வேலைகள் அனைத்தையும் ‘முடிந்தது’ என்று குறித்தார். பிறகு முகவரிடம், “முடிஞ்ச திட்டங்களை ஒதுக்கி, பட்டியலைச் சுத்தம் பண்ணு” என்றார். அது நேராக ‘நீக்கு’ கருவியை எடுத்தது. படங்கள் சேகரிக்கும் வேலை முடிந்துவிட்டது என்றால், படங்களும் முடிந்துவிட்டன என்று அது எடுத்துக்கொண்டது. அதே செயலியில் ‘காப்பகத்தில் வை’ என்ற கருவியும் இருந்தது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து இருவரும் அந்த ஒரு வரியை நாலு வரியாக்கினோம். நீங்கள் மென்பொருள் எழுதாதவராக இருக்கலாம். ஆனாலும் இந்த நாலு வரியைப் படியுங்கள். உங்கள் செயலியிடமோ, அதை விற்பவரிடமோ நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

முதல் வரி: எது எது போகும்? ‘திட்டம்’ என்றால் ஒரு தலைப்பு மட்டும் போகிறதா? அதற்குள் இருக்கும் வேலைகள், குறிப்புகள், படங்கள், குரல் பதிவுகள் எல்லாம் சேர்ந்து போகின்றனவா? குழுவில் இருக்கும் பத்துப் பேருக்கும் போகிறதா, எனக்கு மட்டுமா? பையைத் தூக்கிப் போடுகிறவருக்குப் பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டாம் வரி: திரும்பி வருமா, வராதென்றால் வேறு வழி என்ன? சில செயலிகளில் நீக்கியது குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும். சிலவற்றில் போனது போனதுதான். ‘இதை மீட்க முடியாது. வேலை முடிந்த திட்டங்களுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றுக்குக் காப்பகக் கருவி இருக்கிறது’ என்று எழுதினோம். இந்த எச்சரிக்கையை முதல் வாக்கியத்திலேயே வைத்தோம். செய்தி வாசிப்பவர்களுக்கு இது பழக்கம். சாலை மூடப்பட்டிருக்கிறது என்பதை முதலில் சொல்வோம், காரணத்தைப் பிறகு சொல்வோம்.

மூன்றாம் வரி: யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்? ‘பயனரின் அனுமதி பெறவும்’ என்று எழுதினால் போதாது. “தொடரலாமா?” என்று கேட்டால் அவசரத்தில் இருக்கும் யாரும் “ம்” என்பார்கள். ஆகவே, திட்டத்தின் முழுப்பெயர், அதற்குள் எத்தனை வேலைகள், எத்தனை கோப்புகள் இருக்கின்றன என்ற எண்ணிக்கை, மீட்க முடியாது என்ற செய்தி, இந்த மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ‘சுத்தம் பண்ணு’, ‘ஒழுங்குபடுத்து’ போன்ற சொற்களை நீக்குவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சேர்த்தோம். பெயர் விஷயம் முக்கியம். ‘மாசி மகம்’ என்று நீக்கச் சொன்னால், போன ஆண்டுத் திட்டமா, வரப்போகும் ஆண்டுத் திட்டமா? செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் பந்தல் போடும் குழுக்களிடம் கேட்டுப் பாருங்கள், ஒரே பெயரில் எத்தனை பட்டியல் வைத்திருக்கிறார்கள் என்று.

நான்காம் வரி: செய்த பிறகு என்ன சொல்ல வேண்டும்? எது நீக்கப்பட்டது என்று பெயரோடு சொல்ல வேண்டும். பாதியில் நின்றால் பாதியில் நின்றது என்று சொல்ல வேண்டும். மீட்க முடியுமா என்று தெரியாவிட்டால் ஊகித்துச் சொல்லக் கூடாது. ரெப்ளிட் சம்பவத்தில் அழிந்ததைவிடக் கூடுதலாகக் குழப்பியது, திரும்ப வராது என்று சொன்ன தவறான பதில்தான்.

புதிய விளக்கத்தோடு அதே சோதனைக் கணக்கில் அதே வாக்கியத்தைச் சொன்னார் தம்பி. இந்த முறை முகவர் திட்டத்தைக் காப்பகத்தில் வைக்கட்டுமா என்று கேட்டது. “நீக்கு” என்று வற்புறுத்தியபோது, பெயரையும் எண்ணிக்கையையும் சொல்லி நின்றது. மாறியது நாலு வரி எழுத்து மட்டும்தான்.

ஆனாலும், எழுத்தை மட்டும் நம்பிக் கதவைத் திறந்து வைக்க முடியாது. லெம்கினும் எழுத்தில்தான் தடை போட்டிருந்தார். முகவர்களையும் செயலிகளையும் இணைக்க இன்று பரவலாகப் பயன்படும் பொது விதிமுறை ஒன்று உண்டு. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது, சுருக்கமாக ‘எம்சிபி’ என்பார்கள். அதில் 2025 மார்ச்சில் ஒரு வசதி வந்தது. இந்தக் கருவி படிக்க மட்டும் செய்யும், இந்தக் கருவி அழிக்கக்கூடியது என்று கருவியின் மேலேயே அடையாளம் ஒட்டலாம். எதுவும் ஒட்டாமல் விட்டால், அழிக்கக்கூடியது என்றே கருத வேண்டும். எனக்குப் பிடித்த விதி அது. ஆனால் அந்த விதிமுறையே இன்னொன்றையும் சொல்கிறது: இவை குறிப்புகள்தாம், உத்தரவாதம் அல்ல. நம்பிக்கை இல்லாத இடத்திலிருந்து வரும் குறிப்பை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

அதனால் பூட்டும் வேண்டும். மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் ‘கிட்ஹப்’ தளத்தில் ஒரு களஞ்சியத்தை நீக்க வேண்டுமானால் அதன் பெயரை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். ‘டிரெல்லோ’ செயலியில் ஒரு பலகையை முதலில் மூட வேண்டும், மூடிய பிறகுதான் நிரந்தரமாக நீக்கும் வழியே தெரியும். இரண்டு படி ஏறுவதற்குள் மனிதருக்குப் புத்தி வந்துவிடும் என்ற கணக்கு. எங்கள் தம்பியும் கடைசியில் அதைத்தான் செய்தார். காப்பகத்தில் இல்லாத எந்தத் திட்டத்தையும் நீக்க முடியாதபடி நிரலிலேயே கட்டிப்போட்டார். முகவர் என்ன நினைத்தாலும் நடக்காது.

பூட்டுக்கும் மேலே ஒன்று உண்டு, நகல். இதில் மனிதரும் இயந்திரமும் ஒன்றுதான். 2017 ஜனவரி 31-ஆம் தேதி ‘கிட்லேப்’ நிறுவனத்தில் களைத்துப்போன ஒரு பொறியாளர், தவறான கணினியில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறக்குறைய 300 ஜிகாபைட் தரவில், நிறுத்துவதற்குள் 4.5 ஜிகாபைட்தான் மிஞ்சியது. ஐந்து வகையான நகல் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றும் சரியாகக் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காகத் தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. நகல் இருக்கிறது என்று நம்புவது வேறு, திறந்து பார்ப்பது வேறு.

இவ்வளவு பாடு எதற்கு, ஒரு பட்டியல்தானே என்று தோன்றலாம். நம் சமூகத்துக்குப் பட்டியல் சின்ன விஷயம் இல்லை.

மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடத் தொடங்கிய முதல் இடங்களில் ஒன்று மலாக்கா. 1896-இல் டான் சாய் யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதன் பிறகு இந்த மாநிலத்தில் எத்தனை தோட்டங்கள், எத்தனை லயங்கள்! விடியும் முன் பெரட்டுக்கு நிற்கும் எங்கள் பாட்டிமார்களின் பெயர்கள் ‘செக்ரோல்’ எனும் பேரேட்டில்தான் இருந்தன. கிராணி அதில் ஒரு பெயரை வெட்டினால் அன்றைக்கு அந்தக் குடும்பம் கலங்கும். ஆனால் வெட்டிய கோட்டுக்கு அடியில் அந்தப் பெயர் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேரன் அந்தத் தாளைக் கையில் எடுத்தாலும், ‘இன்னார் இங்கே இருந்தார், இந்த மாதம் வெட்டப்பட்டார்’ என்று படிக்கலாம். செயலியில் நீக்கிய பெயருக்கு அடியில் கோடும் இல்லை, பெயரும் இல்லை.

மூடுவது, இடம் மாற்றுவது, இல்லாமல் ஆக்குவது ஆகிய மூன்றும் வேறு வேறு என்று நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தோட்டம் மூடப்பட்டு மாணவர் குறைந்தபோது, தமிழ்ப்பள்ளியின் உரிமத்தை விட்டுவிடாமல் மக்கள் குடியேறிய இடத்துக்கு மாற்றுங்கள் என்று நம் சமூகம் பேசிப் பேசி வாங்கியிருக்கிறது. கட்டடம் போனாலும் பள்ளி போகவில்லை. அந்த அறிவைத்தான் இப்போது ஓர் இயந்திரத்துக்கு நாலு வரியில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதற்காக நீக்கும் கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலவற்றை நீக்கத்தான் வேண்டும். ஒன்றுகூடலுக்குப் பதிவு செய்தவர்களின் அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் நிகழ்ச்சி முடிந்த பிறகு நமக்கு எதற்கு? நம் நாட்டின் 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வணிக நடவடிக்கைகளில் தேவைக்கு மேல் ஒருவரின் விவரங்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. கோயில் குழுவும் முன்னாள் மாணவர் சங்கமும் அதே ஒழுக்கத்தைக் கடைப்பிடித்தால் நல்லதுதானே. எண்ணை நீக்குங்கள், பாட்டியின் குரலை வையுங்கள். எது எந்தப் பக்கம் என்பதை மனிதர்கள் கூடி முடிவு செய்யுங்கள்.

உங்கள் குழுவோ, அலுவலகமோ முகவர் ஒன்றை இணைக்கப் போகிறது என்றால் மூன்று காரியம் செய்யுங்கள். முதல் ஒரு மாதம் படிக்கும் அனுமதி மட்டும் கொடுங்கள், எழுதும் அனுமதியும் நீக்கும் அனுமதியும் பிறகு. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு வன்தட்டில் போட்டு, அதைச் செயலாளர் வீட்டில் வைக்காமல் வேறொருவர் வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைத் திறந்து ஒரு குரல் பதிவை ஓட்டிக் கேளுங்கள். நீக்குவதற்கு இரண்டு பேர் சம்மதம் என்று குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள், குறிப்பேட்டில் எழுதி.

அந்தத் தோட்டத்துக் குழு தீர்மானம் போட்டுவிட்டது. வன்தட்டு இப்போது மெர்லிமாவில் ஓர் அத்தை வீட்டுப் பீரோவில், சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

அடுத்த வாரம் சந்திப்போம்.